1881 இரண்டாம் வருகை முன்னறிவிப்பு

1881 இரண்டாம் வருகை முன்னறிவிப்பு என்பது, இயேசு கிறித்து 1881 ஆம் ஆண்டில் மீண்டும் வருவார் என்று தென்னிந்தியாவின் திருவிதாங்கூர் பகுதியில் 1875 இல் அறிவிக்கப்பட்ட உலக முடிவு பற்றிய முன்னறிவிப்பு ஆகும். தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து கிறித்தவரான யுஸ்தூஸ் யோசேப்பு (வித்துவான் குட்டி) இதனை ஏற்ற இயக்கத்தின் தலைவராக இருந்தார். இவ்வியக்கத்துக்கு முன்னோடியாக அமைந்த சமய எழுப்புதல், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் உள்ள கிறிஸ்தியான்பேட்டையில் 1860 இல் தொடங்கியது. முன்னறிவிக்கப்பட்டபடி 1881 இல் எதுவும் நிகழவில்லை. ஆயினும் இயக்கம் அழிந்துவிடாமல் யூயோமய சபை என்னும் தனிச் சபையாகத் தொடர்ந்தது.

உலக முடிவுக்கு நாள் குறிக்கும் முன்னறிவிப்புகளை விவிலியத்தின் அடிப்படையிலும் திருச்சபை மரபின் அடிப்படையிலும் ஆராய்வதற்குத் தென்னிந்தியாவில் கிடைக்கும் தெளிவான எடுத்துக்காட்டுகளில் இதுவும் ஒன்று.

பின்னணி

கிறிஸ்தியான்பேட்டை

கிறிஸ்தியான்பேட்டை, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், வத்திராயிருப்பை அடுத்து உள்ள சிற்றூர் ஆகும். 19 ஆம் நூற்றாண்டில் ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 1910 இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது அதில் சேர்ந்தது. 1985 முதல் இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் உள்ளது. எனவே பழைய சமய நூல்களில் இப்பகுதி 'வட திருநெல்வேலி' என்றே குறிப்பிடப்படுகிறது.

இங்கு 1842 இல் குடியேற்றம் ஒன்றை நிறுவியவர் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் (1810 - 1867). இவர் பாளையங்கோட்டையில் இரேனியுஸ் ஐயரிடம் கல்வி பயின்றவர். பின்னர் 1833 இல் இந்தியாவுக்கு வந்த அந்தோனி நோரிஸ் குரோவ்ஸ் (1795 - 1853) என்பவரின் தொடர்பு இவருக்குக் கிடைத்தது. குரோவ்ஸ், பிளைமவுத் சகோதரர் இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவர். மிசன் சங்கங்களிடம் சம்பளம் பெறாமல் இறைவனை மட்டும் நம்பி ஊழியம் செய்ய வேண்டும் என்பது அவருடைய கொள்கை. அருளப்பன் இக்கொள்கையையே பின்பற்றினார்.

பிளைமவுத் சகோதரர் இயக்கத்தின் மற்றொரு தனித்தன்மை, கிறித்துவின் இரண்டாம் வருகை மிக அண்மையில் உள்ளது என்ற எதிர்பார்ப்பு ஆகும். இவ்வியக்கத்தின் தலைவர்களுள் ஒருவரான ஜான் நெல்சன் டார்பி 1830களில் உருவாக்கிய போதனைகளிலிருந்தே, இன்று பல பிரசங்கங்களில் கேட்கப்படும் 'இரகசிய வருகை' என்னும் கருத்து பரவலாயிற்று. ஆகவே கிறிஸ்தியான்பேட்டைக்கு வந்த சமய மரபில் இறுதிக்கால எதிர்பார்ப்பு தொடக்கத்திலிருந்தே இடம்பெற்றிருந்தது.

1860 எழுப்புதல்

1857 முதல் 1859 வரை அமெரிக்காவிலும் அயர்லாந்தின் வடபகுதியிலும் நிகழ்ந்த சமய எழுப்புதல்களைப் பற்றிய செய்திகளை அருளப்பன் அறிந்திருந்தார். 1860 மார்ச்சு மாதத்தில் கிறிஸ்தியான்பேட்டையிலும் எழுப்புதல் தொடங்கியதை அவரது நாட்குறிப்பு பதிவு செய்கிறது. மார்பில் அடித்துக்கொண்டு அழுதல், உடல் நடுக்கம், தரிசனங்கள், பலமொழி பேசுதல், தீர்க்கதரிசனம் உரைத்தல் ஆகியன அப்போது காணப்பட்டன. பெண்களும் தீர்க்கதரிசனம் உரைத்தனர். இக்காரணத்தால், 20 ஆம் நூற்றாண்டில் தோன்றிய பெந்தகோஸ்தே இயக்கத்துக்கு முன்னோடியாக இந்நிகழ்வு வரலாற்றாய்வாளர்களால் கருதப்படுகிறது.

அக்காலத்தில் சிவகாசியை மையமாகக் கொண்டு இப்பகுதியில் பணியாற்றிய சி. எம். எஸ். ஊழியர்கள் இதனைக் கவனித்து அறிக்கைகள் அனுப்பினர். மக்களின் ஒழுக்க மாற்றத்தை ஏற்றுக்கொண்டாலும், உடல் சார்ந்த வெளிப்பாடுகளையும் தரிசனங்களையும் குறித்து மிசனரிகள் எச்சரிக்கையுடனேயே இருந்தனர்.

அருளப்பன் 1867 இல் காலமானார். ஆகையால், அவர் மறைந்து எட்டு ஆண்டுகளுக்குப் பின் எழுந்த முன்னறிவிப்புக்கு அவரை நேரடியாகப் பொறுப்பாக்க இயலாது. ஆயினும், தனி மனிதர் ஒருவர் பெறும் தரிசனத்தைச் சபை இறைவாக்காக ஏற்கும் சூழல் இந்த எழுப்புதலின் வழியாகவே பரவியது என்பது குறிப்பிடத்தக்கது.

முன்னறிவிப்பும் முடிவும்

யுஸ்தூஸ் யோசேப்பு (1835 - 1887) திருவிதாங்கூரில் குடியேறிய தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். இயற்பெயர் இராமய்யன். இசையிலும் மொழிகளிலும் புலமை உடையவர். 1861 இல் மாவேலிக்கரையில் குடும்பத்தினருடன் திருமுழுக்குப் பெற்றார். பின்னர் ஆங்கிலிக்கன் திருச்சபையில் குருவானார்.

1873 ஆம் ஆண்டு வாக்கில், அருளப்பனின் வழிவந்த தமிழ் உபதேசிமாரின் ஊழியத்தால் திருவிதாங்கூரில் எழுப்புதல் பரவியது. ஆங்கிலிக்கன் கிறித்தவர்கள், சிரியன் கிறித்தவர்கள் ஆகிய இரு சாராரும் இதில் பங்கு பெற்றனர். யுஸ்தூஸ் யோசேப்பு இதன் முதன்மையான தலைவர்களுள் ஒருவரானார்.

1875 இல், ஆறு ஆண்டுகளில் கிறித்து வருவார் என்ற முன்னறிவிப்பு இக்குழுவில் எழுந்தது. இதனை ஏற்றவர்கள் சி. எம். எஸ். அமைப்பிலிருந்து பிரிந்து தனிக் குழுவாயினர். மிசன் வரலாற்று நூல்களில் இவர்கள் 'ஆறாண்டுக் கட்சியினர்' எனக் குறிப்பிடப்படுகின்றனர்.

1881 கடந்தபோது பலர் தத்தம் பழைய சபைகளுக்குத் திரும்பினர். எஞ்சியவர்கள், புதிய யுகம் கண்ணுக்குப் புலப்படாத முறையில் தொடங்கிவிட்டது என்று விளக்கம் கொண்டு யூயோமய சபையாகத் தொடர்ந்தனர். யுஸ்தூஸ் யோசேப்பு 1887 இல் காலமானார். அவர் இயற்றிய கீர்த்தனைகள் மலையாளக் கிறித்தவர்களின் பல சபைகளில் இன்றும் பாடப்படுகின்றன. அவருடைய முன்னறிவிப்பை மறுத்த சபைகளும் அவருடைய பாடல்களைத் தள்ளிவிடவில்லை.

விவிலிய அளவுகோல்கள்

இரண்டாம் வருகை என்பது புதிய ஏற்பாடு முழுவதிலும் காணப்படும் நம்பிக்கை ஆகும். எனவே வருகையை எதிர்பார்ப்பது கிறித்தவத்துக்குப் புறம்பானது அன்று. நாள் குறிப்பதே கேள்விக்குரியது. இது தொடர்பாக விவிலியம் தரும் முக்கிய அளவுகோல்கள் பின்வருமாறு:

* அறியப்படாத நாள்: மாற்கு 13:32, மத்தேயு 24:36 ஆகிய பகுதிகளின்படி அந்த நாளை வானதூதரும் அறியார், தந்தை மட்டுமே அறிவார். மாற்கு நற்செய்தியில் மகனும் அறியார் எனக் கூறப்படுகிறது. திருத்தூதர் பணிகள் (அப்போஸ்தலர் நடபடிகள்) 1:6-7 இல், சீடர்கள் காலத்தைப் பற்றிக் கேட்டபோது அது அவர்கள் அறிய வேண்டிய செய்தியன்று என்று விடை கிடைக்கிறது.
* காலம் நெருங்கிவிட்டது என்போர்: லூக்கா 21:8 இவ்வாறு சொல்வோரைப் பின்பற்ற வேண்டாம் என எச்சரிக்கிறது.
* போலிக் கடிதம்: ஆண்டவரின் நாள் வந்துவிட்டது என்று வாக்கினாலோ, தம் பெயரில் வந்த கடிதத்தினாலோ எவரும் சொன்னால் கலங்க வேண்டாம் என்று 2 தெசலோனிக்கர் 2:1-3 கூறுகிறது. இத்தகைய அறிவிப்புகள் முதல் நூற்றாண்டிலேயே இருந்தன என்பதற்கு இது சான்று.
* நிறைவேறுதல்: இணைச் சட்டம் (உபாகமம்) 18:21-22 இன்படி, இறைவனின் பெயரால் சொன்னது நிகழாவிட்டால் அது இறைவன் சொன்னதன்று.
* சோதித்தல்: இறைவாக்கைப் புறக்கணிக்கவும் கூடாது, சோதிக்காமல் ஏற்கவும் கூடாது என்பது 1 தெசலோனிக்கர் 5:19-21 இன் கருத்து. 1 யோவான் 4:1 உம் இதனையே வலியுறுத்துகிறது.

எரேமியா நூலின் 28 ஆம் அதிகாரம் இங்குத் தனியாகக் கவனிக்கத் தக்கது. பாபிலோனின் ஆதிக்கம் இரண்டே ஆண்டுகளில் நீங்கும் என்று அனனியா என்பவர் ஆலயத்தில் அறிவிக்கிறார். எரேமியா அதற்கு நேர்மாறான கருத்துடையவர். ஆயினும் அவர் முதலில் அவ்வாறே ஆகட்டும் என்று கூறி, சொன்னது நடந்தேறும்போதுதான் ஒருவர் மெய்யான இறைவாக்கினர் என்பது தெரியவரும் என நினைவூட்டுகிறார். அனனியாவின் செய்தி மக்கள் விரும்பிய செய்தி, கால வரையறை உடைய செய்தி, நிறைவேறாத செய்தி.

மறுபக்கத்தில், முடிவு மிக அண்மையில் உள்ளது என்ற தொனி உள்ள பகுதிகளும் புதிய ஏற்பாட்டில் உண்டு. மாற்கு 13:30 இல் வரும் 'இத்தலைமுறை' என்பது யாரைக் குறிக்கிறது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உள்ளது. 1 தெசலோனிக்கர் 4:15 இல் பவுல், வருகையின்போது உயிரோடிருப்போருடன் தம்மையும் சேர்த்தே பேசுகிறார். தாமதம் குறித்த கேலிக்கு விடையளிக்கும் 2 பேதுரு 3 ஆம் அதிகாரம், ஆண்டவருக்கு ஒரு நாள் ஆயிரம் ஆண்டுகளைப் போன்றது என்கிறது. தாமதத்தைக் கணக்குப் பிழையாகக் கொள்ளாமல், மனம் மாறுவதற்குத் தரப்பட்ட பொறுமையின் காலமாக அது விளக்குகிறது.

திருச்சபை மரபு

381 இல் கான்ஸ்டாண்டிநோபிள் பொதுச்சங்கத்துடன் தொடர்புடைய நிசேய நம்பிக்கை அறிக்கை, கிறித்து வாழ்வோரையும் இறந்தோரையும் தீர்ப்பிட மீண்டும் வருவார் என்றும், அவரது அரசுக்கு முடிவில்லை என்றும் கூறுகிறது. அதில் காலக் குறிப்பு எதுவும் இல்லை. கத்தோலிக்கர், மரபுவழித் திருச்சபையினர், ஆங்கிலிக்கன் திருச்சபையினர், லூத்தரன் திருச்சபையினர் ஆகிய அனைவருக்கும் இது பொதுவானது.

மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்போலித்து (ஹிப்போலிடஸ்) தம்முடைய தானியேல் நூல் விளக்கவுரையில் இரு நிகழ்ச்சிகளைப் பதிவு செய்துள்ளார். சிரியாவில் ஒரு சபைத் தலைவர், கிறித்துவை எதிர்கொள்ள மக்களைக் குடும்பத்தோடு பாலைவனத்துக்கு அழைத்துச் சென்றார். அவர்கள் கொள்ளையர் எனக் கருதப்பட்டுக் கொல்லப்படும் நிலைக்கு உள்ளாயினர். போந்து நாட்டில் மற்றொரு தலைவர், தாம் கண்ட கனவுகளை நம்பி ஓராண்டில் தீர்ப்பு வரும் என்றார். அவ்வாறு நிகழாவிட்டால் மறைநூல்களையே நம்ப வேண்டாம் என்றும் கூறினார். மக்கள் வயல்களைக் கைவிட்டனர், உடைமைகளை விற்றனர். ஆண்டு கடந்தபின் வறுமையில் வாடினர். இதனைக் கண்டித்த இப்போலித்துவே, படைப்பிலிருந்து 6000 ஆண்டுகள் என்ற கணக்கின்படி முடிவு கி. பி. 500 அளவில் வரும் என்று கருதியது குறிப்பிடத்தக்கது. தம் வாழ்நாளுக்கு வெகு தொலைவில் நாள் குறித்ததால் அவருடைய கணக்கு அக்கால மக்களைப் பாதிக்கவில்லை.

அகுஸ்தீன் (354 - 430), திருவெளிப்பாடு நூலின் ஆயிரம் ஆண்டுகளைத் திருச்சபையின் காலத்துக்கான உருவகமாக விளக்கினார். சலோனா ஆயர் எசீக்கியுவுக்கு எழுதிய கடிதத்தில் அவர் மூன்று ஊழியர்களை ஒப்பிடுகிறார். ஒருவர் ஆண்டவர் விரைவில் வருவார் என்கிறார். மற்றவர் தாமதமாக வருவார் என்கிறார். மூன்றாமவர் தமக்குத் தெரியாது என்கிறார். மூவரும் ஆண்டவரின் வருகையை விரும்புகின்றனர். ஆனால் மூன்றாமவர் மட்டுமே தவறு செய்ய வாய்ப்பில்லாதவர். முதலாமவரை நம்பியவர்கள், வருகை தாமதமாகும்போது அது நிகழவே போவதில்லை என்று எண்ணிவிடும் ஆபத்து உண்டு என்கிறார் அகுஸ்தீன்.

ஐந்தாம் இலாத்தரன் பொதுச்சங்கம், உலக முடிவுக்கோ எதிர்க்கிறித்துவின் வருகைக்கோ நாள் குறித்துப் போதிப்பதை 1516 இல் தடை செய்தது. சீர்திருத்தத் திருச்சபைகளும் இதில் வேறுபடவில்லை. மார்ட்டின் லூத்தரின் நண்பரும் கணித அறிஞருமான மைக்கேல் ஸ்டீபல், 1533 அக்டோபர் 19 காலை 8 மணிக்கு உலகம் முடியும் எனக் கணித்தார். லூத்தர் அதனை ஏற்கவில்லை. கணிப்புப் பொய்த்தபின் ஸ்டீபல் கைது செய்யப்பட்டுப் பணியை இழந்தார். அதன்பின் லூத்தரின் உதவியுடன் வேறு ஊரில் பணி பெற்று, கணிதத்தில் கவனம் செலுத்தி 1544 இல் புகழ்பெற்ற எண்கணித நூலை வெளியிட்டார்.

நாள் குறிக்கும் முறைகள்

உலக முடிவு அறிவிப்புகளை இரு வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, தரிசனம் அல்லது தீர்க்கதரிசனத்தின் அடிப்படையில் அமைவது. 1875 முன்னறிவிப்பு இவ்வகையைச் சேர்ந்தது. இரண்டாவது, விவிலிய எண்களைக் கொண்டு கணக்கிடுவது.

இரண்டாம் வகையில் பெரும்பாலும் பயன்படுவது 'ஒரு நாள் ஓர் ஆண்டுக்குச் சமம்' என்னும் விதி. அமெரிக்காவைச் சேர்ந்த வில்லியம் மில்லர், தானியேல் 8:14 இல் உள்ள 2300 நாட்களை 2300 ஆண்டுகளாகக் கொண்டு, கி. மு. 457 இலிருந்து எண்ணினார்:

2300 - 457 = 1843

கி. மு. 1 ஐ அடுத்து கி. பி. 1 வருவதால் சுழி ஆண்டு இல்லை. எனவே ஓர் ஆண்டைக் கூட்ட 1844 கிடைக்கிறது. இறுதியில் 1844 அக்டோபர் 22 நாளாகக் குறிக்கப்பட்டது. அந்நாள் கடந்தது 'பெரும் ஏமாற்றம்' என வரலாற்றில் அறியப்படுகிறது.

இக்கணக்கில் கூட்டல் கழித்தல் சரியானவையே. தொடக்க ஆண்டைத் தெரிவு செய்வதில்தான் சிக்கல் உள்ளது. கி. மு. 445 இலிருந்து எண்ணினால் 1856 கிடைக்கும். இவ்வாறே திருவெளிப்பாடு நூலின் 1260 நாட்களைக் கி. பி. 538 இலிருந்து எண்ணியவர்களுக்கு 1798 உம், கி. பி. 606 இலிருந்து எண்ணியவர்களுக்கு 1866 உம் கிடைத்தன. விவிலிய மாணவர் இயக்கத்தினர் 2520 ஆண்டுகளைக் கி. மு. 606 இலிருந்து எண்ணி 1914 ஐப் பெற்றனர். சுழி ஆண்டு இல்லை என்பது பின்னர் கணக்கில் கொள்ளப்பட்டபோது, விடையை மாற்றாமல் தொடக்க ஆண்டு கி. மு. 607 ஆக மாற்றப்பட்டது. விடைக்கு ஏற்பத் தொடக்கத்தைத் திருத்த முடியுமானால், அக்கணக்கு எதனையும் மெய்ப்பிப்பதில்லை.

மேலும், தானியேல், திருவெளிப்பாடு ஆகிய நூல்கள் துன்புற்ற மக்களுக்கு ஆறுதல் கூறும் வெளிப்பாட்டு இலக்கிய வகையைச் சேர்ந்தவை. திருவெளிப்பாடு, ஆசியா மைனரில் இருந்த ஏழு சபைகளுக்கு எழுதப்பட்டது. அதில் வரும் 666 என்னும் எண், எபிரேய எழுத்துகளின் எண்மதிப்பின்படி நீரோ மன்னனின் பெயரைக் குறிப்பதாகப் பல அறிஞர்கள் கருதுகின்றனர். சில பழைய படிகளில் இந்த எண் 616 என உள்ளது.

அடையாளங்களை வாசித்தல்

போர், பஞ்சம், நிலநடுக்கம் ஆகியவற்றை முடிவின் அடையாளங்களாகக் காட்டுவது பரவலான வழக்கம். 1875 க்கும் 1881 க்கும் இடைப்பட்ட காலத்தில், 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் பெரும் பஞ்சம் நிலவிப் பல இலட்சம் மக்கள் மாண்டனர். அடையாளங்களைத் தேடியவர்களுக்கு இதனினும் பெரிய அடையாளம் அக்காலத்தில் இருந்திருக்க முடியாது. ஆயினும் 1881 இல் முடிவு வரவில்லை. மத்தேயு 24:6-8 இவற்றைக் குறிப்பிட்டுவிட்டு, முடிவு உடனே வராது என்றும் இவை வேதனைகளின் தொடக்கமே என்றும் கூறுகிறது. அதாவது, நாள் குறிப்போர் முதன்மைச் சான்றாகக் காட்டும் பகுதியே அவர்கள் முடிவுக்கு எதிராக நிற்கிறது.

இங்கிலாந்திலும் அதே 1881 ஆம் ஆண்டைக் குறித்து வேறொரு வதந்தி உலவியது. ஷிப்டன் அன்னை என்பவர் முற்காலத்தில் கூறியதாக 1862 இல் ஒரு பாடல் வெளியானது. அதனைத் தாமே புனைந்ததாக வெளியீட்டாளர் சார்லஸ் ஹிண்ட்லி 1873 இல் ஒப்புக்கொண்டார். அதன் பின்னரும் 1881 இல் மக்கள் அஞ்சினர். ஒரு முன்னறிவிப்பு எங்கிருந்து வந்தது என வினவுவது எவ்வளவு தேவை என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

பிற்கால முன்னறிவிப்புகள்

* 2011: அமெரிக்க வானொலிப் பிரசங்கியார் ஹரால்டு கேம்பிங், மே 21 ஐயும் பின்னர் அக்டோபர் 21 ஐயும் குறித்தார். நாள் குறித்தது பாவமான செயல் என்று 2012 இல் அவர் ஒப்புக்கொண்டார்.
* 2012: மாயன் நாட்காட்டியின் ஒரு சுற்று திசம்பர் 21 இல் முடிவதை ஒட்டி உலகளவில் வதந்தி பரவியது. இதற்கு விவிலிய அடிப்படை இல்லை.
* 2025: தென் ஆப்பிரிக்கப் போதகர் ஒருவர் செப்டம்பர் 23, 24 ஆகிய நாட்களில் இரகசிய வருகை நிகழும் என்றார். சமூக ஊடகங்கள் வழியாக இது பல நாடுகளில் பரவியது.

ஒப்பீடு

அருளப்பன் கிறிஸ்தியான்பேட்டையில் குடியேறிய அதே காலகட்டத்தில், 1841 இல், தென் திருவிதாங்கூரின் அய்யாவழி மரபில் அகிலத்திரட்டு அம்மானை இயற்றப்பட்டது. அதுவும் கலியுகத்தின் முடிவையும் வரவிருக்கும் தர்மயுகத்தையும் பேசுகிறது. இந்து மரபில் யுகங்கள் சுழற்சியாக வருவதால் ஒரு யுகத்தின் முடிவு அடுத்ததன் தொடக்கம் ஆகும். கிறித்தவ மரபில் வரலாறு ஒரே முறை தொடங்கி ஒரே முறை நிறைவு பெறுகிறது. நாள் குறிப்பதில் உள்ள பதற்றத்துக்கு இந்த வேறுபாடும் ஒரு காரணம்.

மதிப்பீடு

1881 முன்னறிவிப்பு, இணைச் சட்டம் கூறும் நிறைவேறுதல் அளவுகோலில் தோற்றது. ஆனால் அந்த அளவுகோலைப் பயன்படுத்த ஆறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். மாற்கு 13:32 உம் திருத்தூதர் பணிகள் 1:7 உம் தரும் அளவுகோலை 1875 இலேயே பயன்படுத்தியிருக்கலாம். ஏற்றவர்கள் விவிலியத்தை அறியாதவர்கள் அல்லர். தலைவர் கற்றறிந்த குரு. தரிசனத்தின் மீது கொண்ட மதிப்பு மறைநூலின் தெளிவான வரம்பை மறைத்துவிட்டது.

1881 க்குப் பின் தரப்பட்ட விளக்கமும் இவ்வாறே ஆராயத் தக்கது. முன்னறிவிக்கப்பட்டது கண்ணுக்குப் புலப்படாமல் நிகழ்ந்துவிட்டது என்னும் விளக்கத்தை எக்காலத்திலும் பொய்ப்பிக்க இயலாது. மில்லரைப் பின்பற்றியோருள் ஒரு சாராரும் 1844 க்குப் பின் இவ்வகை விளக்கத்தையே கொண்டனர். அக்டோபர் 22 இல் விண்ணுலகத் திருவிடத்தில் ஒரு நிகழ்வு தொடங்கியது என்பது அவர்கள் கொள்கை.

எழுப்புதலால் விளைந்தவை எல்லாம் இதனால் பயனற்றவை ஆகிவிடுவதில்லை. வெளிநாட்டுச் சம்பளத்தைச் சாராத உள்நாட்டு ஊழியம், பெண்களின் பங்கேற்பு, தாய்மொழிக் கீர்த்தனைகள் ஆகியன நிலைத்தன. நாள் மட்டுமே நிலைக்கவில்லை. தென்னிந்தியத் திருச்சபையின் திருவிருந்து வழிபாட்டில் சபையார் வருகைக்காகக் காத்திருப்பதாக இன்றும் அறிக்கையிடுகின்றனர். கத்தோலிக்கர் கிறித்துமசுக்கு முந்தைய திருவருகைக் காலத்தில் அதே எதிர்பார்ப்பை நினைவுகூர்கின்றனர். இவற்றில் எதிலும் ஆண்டு குறிக்கப்படுவதில்லை.

இவற்றையும் பார்க்க

* ஜான் கிறிஸ்டியன் அருளப்பன்
* வத்திராயிருப்பு
* ஸ்ரீவில்லிபுத்தூர்
* இரேனியுஸ்
* பிளைமவுத் சகோதரர்
* திருவெளிப்பாடு (நூல்)
* தானியேல் (நூல்)
* அகிலத்திரட்டு அம்மானை